அணிந்துரைக்கு ஒரு ஆள்

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் தொழிலில், எழுத்தாளர் ஒருவர் யாரைக் குருவாக வரித்திருக்கிறார் என்பது அவருடைய முதல் வரிக்கு முன்பே தெரிந்துவிடும். அணிந்துரை அங்கேதான் இருக்கிறது. கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் என் அறை. எழுதியதைப் படித்துவிட்டு உள்ளதைச் சொல்ல ஒருவர் கிடைக்காமல் அலைந்தவர்களே, நானும் உங்கள் கட்சிதான். என் கம்ப்யூட்டரிலும் ஒரு சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குப் போகாமல் கிடந்தது. மற்றவர்களின் குருக்களைப் பார்த்து எனக்கும் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தேன்.

பாதியும் முழுசும்

மோட்டார் பட்டறை வைத்திருக்கும் கவிஞர் ஒருவர், தன் ஆசானின் படத்தை முதல் பக்கம் முழுக்கப் போடச் சொன்னார். ஆசான் அணிந்துரையை முதலில் கொடுத்துவிட்டு, கவிதைகளைப் பிறகுதான் படித்திருக்கிறார். மறுவாரம் கவிஞர் இறுகிய முகத்துடன் வந்தார்.

"கவிதையெல்லாம் பாதிப்பாதியா வெட்டோணும்னுட்டாருங்க. நீங்க அவரு அணிந்துரையெ முழுசா வெட்டிப்போடுங்க."

ஆறு பேர்

அவிநாசியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் நாவலுக்கு ஆறு அணிந்துரைகள். தம்மால்தான் இவர் எழுத வந்தார் என்று ஆறு பேருமே எழுதியிருந்தார்கள். நாவலோ மெலிந்தது. "உங்களுக்கு நிஜமா வழிகாட்டினவர் யாருங்க சார்? அவரை மட்டும் வெச்சுக்கலாமே" என்றேன். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அவருகிட்ட நான் கேக்கவே இல்லீங்க. அவரு படிச்சுப்போட்டுத்தானே எழுதுவாரு?"

கண்ணுக்கு இதம்

நான் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் என் கதைகளை அச்செடுத்துக் கொடுத்தேன். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் அவர் நடக்க வருவார். மாதக்கணக்கில் அவர் கண்ணில் படும்படி நானும் நடந்ததில் தொப்பை குறைந்தது. கடைசியில் ஒருநாள் அவரே நின்று என் தோளில் கைவைத்தார்.

"படிச்சேனுங்க. எழுத்து நல்லாப் பெருசா, கண்ணுக்கு எதமா இருந்துச்சு. என்ன ஃபான்ட்டுங்க அது?"

கரண்ட் வரும்வரை

காசிப் பயணம் பற்றி எழுதியிருந்த ஓர் அம்மா, வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், தன் புரூஃபுக்காகக் காத்திருந்தார். கரண்ட் போய்விட்டது. பொழுது போகாமல் மேசையில் கிடந்த என் கதை ஒன்றை எடுத்துப் படித்தார். அது யாருடையது என்று நான் சொல்லவில்லை.

"ஏனுங்க தம்பி, நல்லா இருந்த பொம்பள எதுக்குக் கடைசிப் பக்கத்துல கெணத்துல உழுவறா?" என்றார். அது ஒரு குறியீடு என்று விளக்கத் தொடங்கினேன். "குறியீடுங்களா? முடிக்கத் தெரியாம கொன்னுபோட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் போனதும் அந்தக் கிணற்றைக் கதையிலிருந்து நீக்கிப் பார்த்தேன். கதை மூச்சு விட்டது. உடனே போன் செய்து உண்மையைச் சொன்னேன். மீதிக் கதைகளையும் படித்து, ஓர் அணிந்துரையும் தர முடியுமா என்று கேட்டேன்.

"படிக்கறேன் கண்ணு. அணிந்துரை மட்டும் கேக்காதீங்க. அதுல நல்ல வார்த்தைதான் சொல்லோணும், நான் பொறவு உங்களுக்கு எதுக்குங்க?"

ஆக, என் புத்தகம் அணிந்துரை இல்லாமல்தான் வரும். எப்போது வரும் என்பது, மீதிக் கதைகளில் எத்தனை பேரை அந்தம்மா பிழைக்க வைக்கச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.