பட்டுச்சேலையும் அடிப்பிடித்த சட்டியும்

போன ஞாயிறு எங்கள் பங்கு மண்டபச் சுவரில் ஒரு பெட்சீட்டைக் கட்டிப் படம் காட்டினாள் லின்னேயா. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் லாசாலில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் குடியிருக்கும் சுவீடன் நாட்டுப் பெண். வயது இருபத்தைந்து. இயக்குநர்!

முன்பு எடுத்த இரண்டு குறும்படங்களையும் எந்தத் திரைப்பட விழாவும் சீண்டவில்லை. மூன்றாவதும் தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பி வேறு வேலை பார்ப்பதாக வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த மூன்றாவது படத்தில்தான்... நம் சனம் புகுந்தது.

அவள் கேட்டது பெரிய விஷயமே இல்லை. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பின், மண்டபக் குசினியில் பெண்கள் கதைத்துச் சிரித்தபடி சட்டி பானை கழுவுவார்களே — அதைப் படமாக்க வேண்டும். "வழக்கம்போல வாருங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கமரா இரவல். அன்று மாலையே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கமரா என்றால் நம்மவர்கள் வழக்கம்போல வருவார்களா? காஞ்சிபுரம், அட்டியல், கொண்டையில் பூ... சாப்பாடு முடிந்ததும் என் மனைவி ஜெசிந்தா உட்பட அத்தனை பேரும் கமராவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கல்யாண வீட்டு குரூப் போட்டோ தோற்றது.

"சட்டி கழுவேல்லையோ?" என்றேன்.

"இந்தச் சாறியோடயோ? உங்களுக்கென்ன விசரே?" என்றாள் ஜெசிந்தா.

லின்னேயாவின் முகம் சிவந்தது. ஸ்டாண்டில் நின்ற கமராவை அப்படியே விட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். அடிப்பிடித்த இறைச்சிச் சட்டியை இழுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

விருந்தாளிப் பிள்ளை சட்டி கழுவ, நம்மவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பதா?

"ஐயோ பிள்ளை, விடு விடு! நீ ஏன் உந்தச் சட்டியைத் தொடுறாய்?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் ஓடியவள் ஜெசிந்தா. பின்னால் மற்றவர்கள். கொஞ்ச நேரத்தில் வளையல் முழுக்க நுரை, ஊர்க்கதை, வெடிச்சிரிப்பு... லின்னேயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கமராவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

தந்திரமா என்று பிறகு கேட்டேன். இல்லையாம். முதல் கமரா வாங்குவதற்காகக் கப்பல் கன்ரீனில் கோப்பை கழுவியவளாம். இன்றைக்கும் மனம் உடைந்தால் கை தானாகத் தொட்டிக்குப் போய்விடுமாம். அழுகையோடும் ஒரு காட்சியைத் தவறவிடாத அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அவளுடைய நாட்டு விழா ஒன்று இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் போன ஞாயிறு படத்தைப் போட்டாள். பட்டுச்சேலையும் முழங்கை வரை நுரையுமாக நம் பெண்கள்... என்ன அழகு! மண்டபமே கைதட்டியது. ஜெசிந்தா அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு வந்து என் காதில் சொன்னாள்:

"பிள்ளை நல்ல வடிவா எடுத்திருக்கிறாளப்பா. ஆனா அவள் தேய்ச்ச சட்டியை நான் பேந்து திரும்பவும் ஒருக்கா கழுவினனான்."

நல்ல காலம், விழாக்காரர் சட்டியைப் பார்த்து மார்க் போடவில்லை.