பொய்யாகக் குத்தத் தெரியாதவள்

தையல் கம்பெனியில் துணி வெட்டுவது அவள் வேலை. வேலை முடிந்ததும் நேரே டயர்க் கடை மாடியில் இருக்கும் பயிற்சிக் கூடத்துக்குப் போய், ரப்பர் கத்தியால் ஆட்களைக் குத்துவாள். இரண்டிலும் அவளுக்கு அரைகுறை பிடிக்காது.

அந்தக் கூடத்தில் கத்தித் தடுப்பை ஜோடி ஜோடியாகத்தான் பழகுவார்கள். ஒருவர் குத்த வேண்டும், மற்றவர் தடுக்க வேண்டும். ஆனால் மனுஷர்கள் மகா மரியாதைக்காரர்கள். குத்துகிறவர் கையை நீட்டி, ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸிடம் கொடுத்ததுபோல் அப்படியே வைத்திருப்பார். தடுக்கிறவர் சாவகாசமாக மணிக்கட்டைப் பிடித்துத் திருகி, கத்தியைப் பிடுங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அடுத்த முறை அவர் இவருக்கு அதே உபகாரத்தைச் செய்வார்.

இவளிடம் அந்தக் கதை நடக்காது. குத்திய கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வாள். மறுபடி குத்துவாள். இடது கையால் காலரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரமும் குத்துவாள். போதாக்குறைக்கு, துணியில் கோடு போடுகிற சிவப்பு சாக்கட்டியைக் கத்தி முனையில் தேய்த்து வைத்திருப்பாள். பட்ட இடம் சட்டையில் பளிச்சென்று தெரியும். "எம்மேல படவே இல்ல" என்று யாரும் சாதிக்க முடியாது. அதனால் அவளுக்கு 'சாக்பீஸ்' என்று பெயர் விழுந்தது. ஜோடி சேரச் சொன்னால் ஆளாளுக்குச் சுவரோரம் நழுவுவார்கள். தேர்வு என்றால் மட்டும் மாஸ்டர் அவளைத்தான் கூப்பிடுவார்.

அவள் கணவனின் தங்கையும் அங்கே வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் ஒரு காவல் வேலை நாத்தனாருக்காகக் காத்திருந்தது. மாஸ்டரிடம் தேறிவிட்டால் வேலை கையில். தேர்வில் எதிரே நிற்கப்போவது அண்ணிதான் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஏக நிம்மதி.

தேர்வன்று காலை மாமியார் டீயை நீட்டியபடியே ஆரம்பித்தாள்.

"பாத்துக் குத்தும்மா. பட்டும் படாம. நம்ம பொண்ணு."

"பட்டும் படாம குத்த எனக்குத் தெரியாது அத்தை."

"தெரியாதா, மனசு வரலையா?"

கணவன் செய்தித்தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். அம்மாவும் மனைவியும் பேச ஆரம்பித்தால் அவனுக்கு விளையாட்டுச் செய்தியில் தனி அக்கறை வந்துவிடும்.

நாத்தனார் சிரித்துக்கொண்டேதான் அண்ணிக்கு எதிரே போய் நின்றாள். முதல் குத்தைப் பிடிக்க அழகாகக் கையை நீட்டினாள். பிடிக்க அங்கே கை இல்லை. அது போய்த் திரும்பி வயிற்றில் பட்டது, விலாவில் பட்டது, மறுபடியும் வயிற்றில். மாஸ்டர் நிறுத்தச் சொன்னபோது வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு.

"தேறலைம்மா. அடுத்த மாசம் வா" என்றார்.

சாக்பீஸ் கத்தி முனையைத் துடைத்தாள். மெதுவாகக் குத்தியிருக்கலாம்தான். ஆனால் அந்த வாசலுக்குக் கத்தியோடு வருகிறவன் நம்ம வீட்டுப் பெண் என்று பார்ப்பானா?

"நாத்தி வேலைக்குப் போயிடக் கூடாதுன்னு வஞ்சம் வெச்சுக் குத்திட்டா" என்று மாமியார் வாயைத் திறந்தபோதெல்லாம் புலம்பினாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இவள் உடைத்தது மகளின் உத்தியோகம். சாப்பாட்டுத் தட்டு 'டங்'கென்று வந்து விழுந்தது. நாத்தனார் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளும் சமாதானம் சொல்லப் போகவில்லை, இவளுக்கும் ரோஷம் உண்டு.

ஒரு சாயங்காலம், அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்த நாத்தனார், அதைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, நிஜக் கத்தியா இருந்தா இதுல எந்தக் குத்துல நான் செத்திருப்பேன்?"

இவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"முதல் குத்துலயே. மிச்சமெல்லாம் தண்டம்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அப்ப இங்கயே குத்துங்க. குத்து வாங்காம இருக்கறவரைக்கும் குத்துங்க."

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் தினமும் குத்து விழுந்தது. மாமியார் வாளியோடு வந்தால் இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டு, மறுபடி தொடங்குவார்கள். மணிக்கட்டைத் திருகும் அழகெல்லாம் போன இடம் தெரியவில்லை. கையைத் தட்டு, நெஞ்சில் தள்ளு, விலகு, கதவைத் தேடு, அவ்வளவுதான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? அண்ணன்காரன் முன்னறையில் விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தேர்வில், வேறு ஆளை நிறுத்தட்டுமா என்று மாஸ்டரே கேட்டார். "அண்ணியே வரட்டும்" என்றாள் நாத்தனார். அண்ணி கொஞ்சமும் குறைக்கவில்லை. நாத்தனாரின் கைகளில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. உடம்பில் ஒன்றும் படவில்லை. அண்ணியைச் சுவரில் மோதத் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டிப் போய் நின்றாள். தேறிவிட்டாள்.

வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, ஒரு மதியம், அடிபட்டு உள்ளே கிடந்தவனை முடித்துவிடுவதென்று ஒருவன் நிஜக் கத்தியோடு வந்தான். நாத்தனார் அவனை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டு, போலீஸ் வரும்வரை முதுகால் அதற்கு முட்டுக்கொடுத்து நின்றாள். முன்கையில் கட்டோடு வீடு வந்து சேர்ந்தாள்.

மாமியார் அந்தக் கட்டைத் தடவித் தடவி அழுதாள். "ஐயோ, அவனைப் பாத்ததும் எப்படிப் பயந்தியோ!"

"பயந்தேம்மா. ஆனா அண்ணிக்கு எதிர்ல நின்னப்போ பயந்த அளவுக்கு இல்ல. அவன் ரொம்ப மெதுவா குத்தறான்."

சாக்பீஸுக்குப் பெருமை தாங்கவில்லை. நாத்தனார் உயிரோடு உட்கார்ந்து தன்னைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள், இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்?

மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு மருமகளை ஏறிட்டுப் பார்த்தாள். "அடிப்பாவி! எம்பொண்ணை அவ்வளவு வேகமாவா குத்துன?"

"ஆமா அத்தை" என்றாள் அவள், தலையை நிமிர்த்தி. "ஒரு தடவைகூட மெதுவா குத்தல."