ரெண்டும் சோத்தாங்கை

என் அக்கா தையல்காரி. இடது கையால்தான் துணி வெட்டுவாள். அது அவள் மாமியாருக்குக் கண்ணை உறுத்தும். "பீச்சாங்கை வெட்டுன துணி விளங்குமா?" என்று துணி கொடுக்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்பார். அவருக்கு எந்தக் கையாலும் ஒரு பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். அக்கா வீம்புக்கு வலது கையாலும் வெட்டப் பழகினாள். 'பீச்சாங்கை' என்ற பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

நாற்பது வயதுக்கு மேல் மாலைநேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். கடினமான சொற்களை வெறுமனே உருப்போட்டால் அவளுக்கு மண்டையில் நிற்காது. சொல் பிறந்த கதை தெரிந்தால் ஒட்டிக்கொள்ளும். கெடுதலைக் குறிக்கும் 'சினிஸ்டர்' என்ற சொல்லுக்கு லத்தீனில் இடதுபக்கம் என்று பொருள் எனத் தெரிந்த அன்று புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். "அங்கயும் ஒரு மாமியார் இருந்திருக்கா!"

கடைசி வகுப்பில், குடும்பத்தார் முன்னிலையில் ஆளுக்கொரு சொல்லை விளக்க வேண்டும். மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா எழுந்து, "ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்" என்றாள் கணீரென்று. "ரெண்டு கையாலயும் வேலை செய்யறவங்க. லத்தீன்ல 'ஆம்பி'ன்னா ரெண்டும், 'டெக்ஸ்டர்'னா வலது. அதாவது, ரெண்டுமே சோத்தாங்கை!"

வகுப்பே கைதட்டியது. மாமியார் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

மறுநாள் அக்காவின் தையல் கடைக்கு வந்த ஒருத்தி, மாமியாரிடம், "என்னங்க, உங்க மருமக பீச்சாங்கையால வெட்டுறா?" என்றாள்.

மாமியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரப் பாத்து பீச்சாங்கைங்கிற? என் மருமகளுக்கு ரெண்டும் சோத்தாங்கை. இங்கிலீஷ்லயே அப்படித்தான் போட்டிருக்கு!"