கழுத்தில் வைத்த கை

சில வருடங்களுக்கு முன், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பூசையில் எனக்கு முன்னால் இருந்த என் மகள், புழுக்கம் தாங்காமல் பின்னலைத் தூக்கிப் பிடித்தாள். கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

"எப்ப இருந்து பிள்ள?"

"நத்தாருக்கு முன்னமே இருக்கும்மா. நோகேல்ல, அதான் சொல்லேல்ல." கிறிஸ்மஸ் முடிந்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நாங்கள் நுரைச்சோலைக் கடற்கரை ஆட்கள். என் மனுஷன் கடலுக்குப் போகிறவர். பெரியபிள்ளையான மகளை எங்கள் பக்கத்தில் தாய் குளிக்க வார்ப்பதில்லை. பதினைந்து வயது மகள் கிணற்றடி மறைப்புக்குள் தனியாகக் குளித்தாள். நான் எங்கே காண்பது?

கொழும்பில் கட்டியை வெட்டிச் சோதித்தார்கள். ஹொட்ஜ்கின் லிம்போமா என்றார்கள். ஒரு வகைப் புற்றுநோய். பக்கத்துக் கட்டிலில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அதே நோய். குளிக்க வார்க்கும்போதே தாய் கண்டுவிட்டாளாம். அதைக் கேட்டதும் டொக்டரம்மாவைத் தேடிப் போனேன்.

என் பிள்ளைக்கும் சுகம் வருமா என்று கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"சின்னப் பிள்ளையளுக்குப் பொதுவா நல்லாச் சுகம் வரும். உங்கட மகளின்ட வயசில கொஞ்சம் கூடக் கவனிக்க வேணும். ஆனா வயசு மட்டும் இல்ல அம்மா. எவ்வளவு பரவியிருக்கு, மருந்துக்கு எப்படிக் கேக்குது, அதெல்லாம் இருக்கு. சுகமாக்கக்கூடிய வருத்தம்தான் இது."

எனக்கு வயது என்ற சொல் மட்டுமே காதில் நின்றது. ஆண்டவரே, இவளை ஏன் இவ்வளவு கெதியாய் வளர்த்தீர் என்று அழுதேன். பிறகு மாதாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "தாயே, வயதைப் பாராதேயும். உமக்கு இவள் கைப்பிள்ளை."

மருந்து ஏற ஏற முடி கொட்டியது. கை தூக்கவும் பலமில்லை. ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, நீங்களே வார்த்து விடுங்கோ."

தண்ணீர் வார்த்துக் கழுத்தைத் தடவினேன். கட்டி கைக்கு அகப்படவில்லை. அப்படியே ஈர நிலத்தில் முழந்தாளிட்டேன். அடுத்த சோதனையில் டொக்டரம்மாவும் மருந்து நன்றாகக் கேட்கிறது என்றார். அந்த நத்தார் பூசைக்கு மொட்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள்.

ஐந்து வருடமாயிற்று. நோய் திரும்பவில்லை. ஆண்டவருக்கே நன்றி. இப்போதும் அவள் தனியாகத்தான் குளிக்கிறாள். ஆனால் மாதத்தின் முதல் வெள்ளியில், பூசைக்குப் போகுமுன் என் முன்னால் வந்து இருந்து பின்னலைத் தூக்குவாள்.

"பாருங்கோம்மா."

சகோதரங்களே, வளர்ந்த பிள்ளையும் ஆண்டவருக்குக் கைப்பிள்ளைதான். நம்பிக் கேளுங்கள். கேட்ட கையோடு உங்கள் பிள்ளையின் கழுத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.