பேர் போடாத மெயில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் நடத்தும் கடையின் போர்டில் ஜெராக்ஸ், பிரவுசிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று எழுதியிருக்கும். உண்மையில் அது ஒரு தபால் நிலையம். மெயில் ஐடி இல்லாமல் இன்றைக்கு எந்த விண்ணப்பமும் நகராது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி கிடையாது. "உங்களுதையே போட்டுடும்மா" என்பார்கள். போட்டுவிடுவேன். பான் கார்டு, பேங்க் கணக்கு, கேஸ் இணைப்பு என்று ஊரார் மெயிலெல்லாம் என் கடைக்குத்தான் வரும். வந்ததைப் பிரிண்ட் எடுத்து கிளிப்பில் மாட்டிவிட்டு, உரியவருக்குப் போன் போடுவேன். ஒரு பேங்க் மேடம் இதைக் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ரொம்பத் தப்பும்மா, ஆளுக்கொண்ணு ஆரம்பிச்சிக் குடுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் ஆரம்பித்துக் கொடுத்தால் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அதற்கும் என்னிடமே வந்து நிற்கிறார்கள். நான் என்னதான் செய்வது?

போன வருஷம் ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து மெயிலைப் பார்த்தால், பேங்க்கிலிருந்து ஒன்று வந்திருந்தது. மேலே பேங்க்கின் முத்திரை, கீழே ஒரு கையெழுத்து, ஒரு போன் நம்பர், நீலத்தில் ஒரு லிங்க். கணக்கு விவரங்களை இன்று மாலைக்குள் அந்த லிங்க்கில் போய்ப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று எழுதியிருந்தது. கடையில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பக்கத்துக் கிராமத்து நெல் விவசாயி, இன்னொருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். இருவருக்கும் அதே பேங்க். நான் வாய்விட்டுப் படித்தது தப்பாகப் போயிற்று.

"ஐயையோ, அது எனக்குத்தாம்மா. ஆதார் கேட்டாங்க, நான்தான் குடுக்காம சுத்திக்கிட்டிருந்தேன்" என்று விவசாயி எழுந்துவிட்டார்.

"உனக்கு இல்ல மாமா, எனக்கு. எனக்குத்தான் நேத்து மிஷின்ல கார்டு மாட்டிக்கிச்சி" என்றார் ஆட்டோக்காரர்.

எங்கேயாவது இப்படி நடக்குமா? ஒரு மிரட்டல் மெயிலுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. "கொஞ்சம் சும்மா இருங்கய்யா, யாருக்குன்னு பாத்து சொல்றேன்" என்று மேலிருந்து கீழாகத் தேடினேன். பேர் இல்லை. கணக்கு நம்பரின் கடைசி இலக்கங்களும் இல்லை. 'அன்பான வாடிக்கையாளரே' என்பதோடு சரி. இத்தனை வருஷத்தில் அந்த பேங்க் கணக்கு விஷயமாக அனுப்பிய மெயில்களில் ஏதாவது ஓர் அடையாளம் இருந்திருக்கிறது. இல்லையென்றால் நான் எதை வைத்துப் பிரித்துக் கொடுத்திருப்பேன்? சந்தேகம் வந்து அனுப்பிய முகவரியை விரித்துப் பார்த்தேன். பேங்க் பேரில் தொடங்கி, வாயில் நுழையாத ஏதோ ஓர் இடத்தில் போய் முடிந்தது.

"இது உங்க ரெண்டு பேருக்கும் இல்ல. திருட்டுப் பய அனுப்புனது. போய் வேலையைப் பாருங்க" என்றேன். இருவருக்கும் லேசான ஏமாற்றம் என்றுதான் தோன்றியது.

எனக்கு ஒரே பெருமை. இதை உடனே யாரிடமாவது அளக்க வேண்டும். சிதம்பரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. மாமா சர்க்கரை ஆலை ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெயில் ஐடியைச் சொந்தமாக வைத்திருப்பவர், என் கடை வழக்கத்தைக் கேட்டாலே சிரிப்பவர். மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வின்போது வந்த பணம் முழுவதும் கல்யாணத்துக்காக அதே பேங்க்கில்தான் கிடந்தது. போன் போட்டேன். நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. எந்தக் கம்பெனி சலுகை கொடுத்தாலும் அந்த சிம்முக்கு மாறிவிடுவது அவர் பழக்கம். அதனாலேயே பேங்க்கில் அக்கா நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தார். அக்காவைக் கூப்பிட்டேன்.

"இருடி, அப்புறம் பேசறேன். போன்ல ஏதோ நம்பர் வந்திருக்கு, மாமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கிட்டு கேட்டுக்கிட்டே இருக்காரு. சொல்லிட்டு வர்றேன்."

நான் கடையே அதிரக் கத்தினேன்.

"அக்கா! சொல்லாத! அந்த நம்பரைச் சொல்லாத!"

"எதுக்குடி இப்புடிக் கத்துற? பேங்க்லேர்ந்து மெயில் வந்திருக்காம், இன்னைக்குள்ள கணக்க முடக்கிடுவாங்களாம். மண்டபத்துக்கு வேற பணம் கட்டணும்."

"போன மாமாகிட்ட குடு!"

மாமா வந்தார். குரலிலேயே கடுப்பு. "என்னாம்மா? கார்டு நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் போட்டாச்சி. அந்த ஆறு நம்பர் மட்டும்தான் பாக்கி. நீ வேற நடுவுல."

"போடாதீங்க மாமா. அது பேங்க் அனுப்புனது இல்ல."

"முத்திரை இருக்கு. கையெழுத்து இருக்கு. நீ என்ன பேங்க் மேனேஜரா?"

இவரிடம் முகவரி, லிங்க் என்று விளக்கினால் பொழுது போய்விடும். பின்னால் அக்கா, "பத்திரிகைய ஓரமா வையுங்க, காப்பி கொட்டிடப் போவுது" என்றாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. எங்கள் பக்கத்தில் பத்திரிகை உறையின் மேல் பேர் எழுதி, வீட்டுக்கு வந்து கையில் கொடுக்க வேண்டும். வெறும் உறையை நீட்டினால் அது அழைப்பே இல்லை. சொந்தச் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கே அந்த ஒரு காரணத்தால் போகாதவர் மாமா.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த மெயில்ல உங்க பேரு எங்க இருக்கு?"

மறுமுனையில் அவர் மவுஸை உருட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"பேரு எழுதாத பத்திரிகைய எவனாவது குடுத்தா போவீங்களா?"

"எவன் போவான்?" என்றார் மாமா. சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "அடப்பாவி!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு முதலில் பேசிக் கார்டை நிறுத்தச் சொன்னேன். மெயிலை அழிக்க வேண்டாம், அதில் கொடுத்திருக்கும் நம்பருக்கு மறந்தும் பேச வேண்டாம் என்றேன். நேரே பேங்க்குக்குப் போய் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, கடையைப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. மாமாவோடு நான் சண்டை போடாத விசேஷம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆனால் அந்த மனிதர் முப்பது வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. நல்ல சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளாமல் சேர்த்தது.

பேங்க்கில் மாமாவும் அக்காவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாமா முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி இளம்பெண். கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "பணம் அப்படியே இருக்கு சார். அந்த ஆறு நம்பரைக் குடுத்திருந்தீங்கன்னா இந்நேரம் துடைச்சிருப்பாங்க" என்றார். அக்கா அங்கேயே கண்ணை மூடிக் கும்பிட்டாள். பாஸ்வேர்டு திருடன் கைக்குப் போய்விட்டதால் ஆன்லைன் வசதியை முழுக்க நிறுத்திவிடலாம், கல்யாணச் செலவுக்கு நேரில் வந்து பாஸ்புக்கை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி.

"கணக்க முடக்கிடுவேன்னு அவன் சொன்னான். நாங்களே வந்து முடக்கச் சொல்றோம் பாருங்க" என்று மாமா அசடு வழிந்தார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அந்த மெயிலை அப்படியே பேங்க்கின் புகார் முகவரிக்கு அனுப்ப வைத்தார். சைபர் கிரைம் போலீஸிலும் பதிந்துவிடுங்கள் என்றார். மாமா உடனே கையை ஆட்டினார். "போலீஸ் எல்லாம் வேணாம்மா. பணந்தான் போகலியே. கல்யாண வீடு. சம்மந்தி காதுல விழுந்தா, இவ்ளோ ஏமாளியா இந்த ஆளுன்னு நினைப்பாரு. எம்பொண்ணு அந்த வீட்டுல போய் வாழணும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "திருடன் வெக்கப்படல, நீங்க ஏன் மாமா வெக்கப்படறீங்க?" என்றேன். அவர் அசையவில்லை. அக்கா என் கையைக் கிள்ளி அடக்கினாள். அதிகாரி இந்தச் சண்டையில் தலையிடாமல் சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"சரி சார். இந்த மெயிலை நீங்க வேற யாருக்காவது அனுப்புனீங்களா?"

மாமா எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார்.

"சம்மந்திக்கு அனுப்புனேன்" என்றார். "அவுருக்கும் இங்கதானே கணக்கு. அவசரம், உடனே செஞ்சிடுங்கன்னு காலையிலேயே அனுப்பிட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சம்மந்தி நெல்லிக்குப்பத்தில் கரும்பு பயிரிடுபவர். மாப்பிள்ளை வீட்டுச் செலவுக்கான பணத்தை அவரும் அதே பேங்க்கில்தான் வைத்திருந்தார். மாமா சொன்னார் என்பதற்காக ஆரம்பித்த கணக்கு அது. நான் மாமாவையே பார்த்தேன். இப்போது போன் செய்தால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், தான் ஏமாந்ததை மட்டுமல்ல, அவரையும் சேர்த்து மாட்டிவிட்டதை. நானே பேசுகிறேன் என்று போனுக்குக் கை நீட்டினேன். மாமா தரவில்லை. அவரே போட்டார்.

"சம்மந்தி, காலையில ஒரு மெயில் அனுப்புனேனே…"

அந்தப் பக்கம் குரல் உற்சாகமாக இருந்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அதாங்க சம்மந்தி, கரும்பு வெட்டு முடிச்சிட்டு இப்பதான் உக்காந்தேன். எல்லாம் போட்டாச்சி. போன்ல ஏதோ ஆறு நம்பர் வந்திருக்கு, அதையும் போட்டுட்டா…"

"போடாதீங்க!"

பேங்க் முழுவதும் திரும்பிப் பார்த்தது. காசாளர் எண்ணிக்கொண்டிருந்த கட்டோடு எழுந்துவிட்டார். மாமா யாரையும் கவனிக்கவில்லை. "போடாதீங்க சம்மந்தி. அது திருட்டு மெயில். நானும் போட்டேன். பொண்ணு கல்யாணப் பணத்த மொத்தமா குடுக்க இருந்தேன். எங்கொழுந்தியா தடுத்தா. அத உங்களுக்கும் அனுப்பி வச்சது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க" என்று ஒரே மூச்சில், அந்தக் கூட்டத்தின் நடுவே, கத்திச் சொன்னார். சொல்லும்போது கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும்தான்.

"நல்லவேளை, இன்னும் போடல" என்றது போன். பிறகு சம்மந்தி சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாத சிரிப்பு.

"ஜாதகத்துல கூட இவ்ளோ பொருத்தம் பாக்கல சம்மந்தி" என்றார்.

மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அதிகாரி பக்கம் திரும்பினார். "போலீஸ் புகார எப்புடிப் பதியணும், சொல்லுங்கம்மா. எங்க ரெண்டு பேர் பேர்லயும் போடணும்."