கீழ் வீட்டுல ஞாயித்துக்கிழமை மழை

முதல்லயே சொல்லிடறேன், நீங்களா கண்டுபிடிச்சு சிரிச்சா எனக்கு இன்னும் கேவலம். அம்பது வயசு தாண்டி, கல்கத்தா டாலிகஞ்சுல சொந்தமா ஒரு ஃபிளாட் வாங்கி, பால் காய்ச்சி குடிவந்து, மறு வாரமே அடுப்படிக் குழாய் சொட்ட ஆரம்பிச்சுது. உடனே நான் பண்ணின காரியம், ஆபீஸ் என்ஜினியரிங் செக்‌ஷனுக்குப் போன் போட்டு கம்ப்ளெயின்ட் குடுத்தது. அந்தப் பக்கம் இருந்தவர் வழக்கம்போல குவார்ட்டர்ஸ் நம்பர் கேட்டார். நானும் வழக்கம்போல சொல்ல வாயத் தொறந்தேன், அப்பத்தான் ஒறைச்சுது. இது குவார்ட்டர்ஸ் இல்ல சார், என் சொந்த வீடுன்னேன். அவர் ரொம்ப மரியாதையா "கங்கிராஜுலேஷன்ஸ்"னு சொல்லிட்டு போனை வெச்சுட்டார்.

என் மேல மட்டும் தப்பு இல்லங்க. மதுரைய விட்டு இந்த ஊருக்கு வேலைக்கு வந்த நாள்லேர்ந்து சர்க்கார் குவார்ட்டர்ஸ்லயே குப்பை கொட்டினவன் நான். அங்க பைப் உடைஞ்சா அது அரசாங்கத்தோட துக்கம். நாம போய் விசாரிச்சுட்டு வந்தா போதும். ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போவார். இன்னொருத்தர் வந்து, முதல்ல வந்தவர் சரியாப் பாக்கலம்பார். மூணாவது ஆள் வர்றதுக்குள்ள நமக்கு அந்தச் சொட்டுச் சத்தம் பழகி, அது நின்னா தூக்கம் வராதுங்கற நிலைமைக்கு வந்துருப்போம். சுவத்துல ஒரு ஆணி அடிக்கறதுன்னாக்கூட யாரையோ கேக்கணும். அப்படியே பழகினவனைக் கொண்டுபோய் ஒரு வீட்டுக்கு முதலாளியாக்கினா அவன் வேற யாருக்குப் போன் பண்ணுவான்?

கோமதிக்கு, அதாவது என் வீட்டம்மாவுக்கு, இங்க வீடு வாங்கறதுல இஷ்டமே இல்ல. ரிட்டையர் ஆனதும் மதுரைக்குப் போயிடணும், அவ தம்பி வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு, அதுதான் அவ கணக்கு. எனக்கு மனசு ஒப்பல. மதுரைல இப்போ என்னைத் தெரிஞ்சவங்கன்னு யாரு இருக்கா? போனா பஸ் ஸ்டாண்டுல வழி கேக்கற ஆளா நிப்பேன். இங்க என்னடான்னா மீன் வாங்காத எனக்கே மீன்காரர் வணக்கம் வெக்கறார், என் பெங்காலிய கேக்கறதுக்காகவே டீக்கடைக்காரர் ரெண்டு கேள்வி கூடக் கேக்கறார். பெருமையா இருக்கா கேவலமா இருக்கான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல, ஆனா விட்டுட்டுப் போகவும் முடியல. ரொம்ப நாள் சண்டைக்கப்புறம் கோமதி ஒரு தீர்ப்பு குடுத்தா. "வர்ற மழைக்காலம் தாண்டி, பொங்கல் வரைக்கும் பாப்போம். இந்த வீடு ஒரு சொட்டு ஒழுகினாலும் வித்துட்டு மதுரை. அப்புறம் நீங்க வாயே தொறக்கப்படாது."

கல்கத்தா மழையத் தெரிஞ்சவங்களுக்கு இது எப்பேர்ப்பட்ட நிபந்தனைன்னு புரியும். நம்மூர்ல மழை வரும், போகும். இங்க அது விருந்தாளி மாதிரி வந்து பெட்டியப் பிரிச்சு துணியெல்லாம் எடுத்து அடுக்கிடும். சுவத்துல உப்பு பூக்கும். பீரோவுக்குள்ள பெல்ட்டு மேல பச்சையா ரோமம் மொளைக்கும்.

அதனால நான் வீட்டுப் பராமரிப்புல எறங்கினேன். எறங்கினேன்னா சும்மா இல்ல. குழாய்க்கு வாஷர் மாத்தக் கத்துக்கிட்டேன், மெயின் வால்வை மூடிட்டு மாத்தணுங்கறத ரெண்டாவது தடவை கத்துக்கிட்டேன். மழைக்கு முன்னாடி மொட்டை மாடிக்குப் போய் தண்ணி போற வாய்ல அடைச்சுக்கிடந்த எலை, பட்டம், ஒரு ஒத்தைச் செருப்பு எல்லாத்தையும் எடுத்தேன். ஜன்னல் ஓரமெல்லாம் வெள்ளை சிமென்ட் அப்பினேன். கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன். ஆணி ஒண்ணு அடிச்சேன், யாரையும் கேக்காம. அடிச்சுட்டு கொஞ்ச நேரம் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன், யாரும் வரல.

இதுக்கெல்லாம் சிகரம் ஞாயித்துக்கிழமை காலைல வீடு கழுவறது. வீடுன்னா கழுவணும். நம்ம ரத்தத்துல இருக்கு அது. மதுரைல பொங்கலுக்கு முன்னாடி எங்க வீட்டுல சாமானையெல்லாம் கட்டில் மேல ஏத்திட்டு, குடம் குடமா தண்ணிய ஊத்தி, தென்னந்துடைப்பத்தால சரக் சரக்குனு தள்ளினா, அது மூலைல இருக்கற தூம்பு வழியா தெருவுக்கு ஓடிடும். குவார்ட்டர்ஸ்லயும் தரைவீடுதான், அங்கயும் மூலைல ஒரு ஓட்டை இருந்தது. புது வீட்டுல பளபளன்னு டைல்ஸ். அதுக்கு எலுமிச்சை வாசம் போட்ட பினாயில் கலந்து, லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பக்கெட் பக்கெட்டா ஊத்தி பால்கனிப் பக்கமா தள்ளுவேன். கோமதி கட்டில் மேல காலத் தூக்கி வெச்சுக்கிட்டு, எதுக்குங்க இவ்வளவு தண்ணின்னு வாராவாரம் கேப்பா. பால்கனி ஓட்டை வழியா கொஞ்சம் வெளிய போகும். மீதி எங்க போச்சுன்னு நான் யோசிக்கவே இல்ல. காஞ்சுருச்சுன்னு நெனச்சேன்.

எங்களுக்கு நேர் கீழ ஒரு வயசான தம்பதி. அவரை தாதாம்போம். பயப்படாதீங்க, இங்க அண்ணனுக்கு அதுதான் பேரு. அந்தம்மா பௌதி, அண்ணி. பௌதி காலேஜ்ல பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவங்க. தாதாவுக்கு வாழ்க்கைல ஒரே லட்சியம், ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டன் கொழம்பும் சோறும் சாப்டுட்டுத் தூங்கறது. அந்தச் சோத்துத் தூக்கத்துக்கு இந்த ஊர்ல கோயில் நடை சாத்தற மாதிரி மரியாதை. அந்த நேரத்துல காலிங் பெல் அடிச்சவன் மனுஷனே இல்ல.

மழைக்காலம் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல பௌதி ஒரு கிண்ணத்துல பாயசத்தோட மேல வந்தாங்க. நாங்க பேசினதெல்லாம் பெங்காலிதான், நான் பேசறதையும் பெங்காலின்னு நீங்க ஒத்துக்கிட்டா. சுந்தரங்கற என் பேரு அவங்க வாய்ல ஷுந்தொரோம் ஆயிடும். உங்க வீட்டுல பைப்பெல்லாம் சரியா இருக்கான்னு கேட்டாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். வாஷர் மாத்தின கதைல ஆரம்பிச்சு ஒவ்வொரு குழாயா தொறந்து மூடிக் காட்டினேன். அடுத்த தடவை, தரையெல்லாம் எப்படி இவ்வளவு பளபளன்னு வெச்சுருக்கீங்கன்னு கேட்டாங்க. கழுவறோம் பௌதின்னு பெருமையாச் சொன்னேன். அவங்க கிண்ணத்தை வாங்கிட்டுப் போனாங்க. மரியாதை தெரிஞ்ச மனுஷி ஒரு விஷயத்த இதுக்கு மேல எப்படிச் சொல்றது? பாராட்டுன்னு எடுத்துக்கறவன்கிட்ட யாரால என்ன பண்ண முடியும்?

மூணாவது தடவை தாதாவே கூப்ட்டு விட்டார். போய்ப் பாத்தா, அவர் படுக்கற ரூம் கூரைல ஒரு பெரிய பழுப்புக் கறை, ஓரமெல்லாம் பெயின்ட் உரிஞ்சு தொங்குது. கட்டில் சுவரோரத்துலேர்ந்து நகந்து நகந்து இப்போ ரூம் நடுவுல, ரோடு மறியல் மாதிரி நிக்குது. நேரா தலகாணி மேல சொட்டுதாம். ஆனா எங்க வீடு காய்ஞ்சு கிடக்கு, நான் வெள்ளை சிமென்ட் அப்பின வீடு. அதனால இது எங்க சமாச்சாரமா இருக்க வழியே இல்லைன்னு முடிவு பண்ணி, கறைய கையக் கட்டிக்கிட்டு அண்ணாந்து பாத்து, வெளிச்சுவருல வெடிப்பு இருக்கும்னு தீர்ப்பு சொன்னேன். தாதா மெல்லமா, இந்த மழைத்தண்ணில எலுமிச்சை வாசம் வருதேன்னார்.

நான் யோசிக்கவே இல்ல. "பொல்யூஷன்"னு சொன்னேன்.

அப்புறம் நானே முன்ன நின்னு ஆள் புடிச்சு, வெளிய மூங்கில் சாரம் கட்டி, வெடிப்பே இல்லாத சுவத்துல வெடிப்பை அடைச்சேன். துர்கா பூஜை முடிஞ்சுது, மழை நின்னுது, வானம் கழுவி விட்ட மாதிரி ஆச்சு. எங்க வீட்டுல ஒரு சொட்டு ஒழுகல. கோமதி கூட, பரவாயில்லங்க, வீடு நல்ல வீடுதான்னு சொன்னா. பொங்கல் வரட்டும், முடிவாச் சொல்றேன்னா. நான் செயிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்.

மப்ளர் கட்டற குளிர் வந்துருச்சு. ஆகாசத்துல ஒரு மேகம் கிடையாது. அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, நான் கணுக்கால் தண்ணில நின்னுக்கிட்டு லுங்கிய மடிச்சுக் கட்டி, துடைப்பத்தோட அமோகமா தள்ளிக்கிட்டிருக்கேன். காத்தாட இருக்கட்டும்னு வாசக்கதவத் தொறந்து வெச்சிருந்தேன். நிமிந்து பாத்தா நெலைல பௌதி. கைல கிண்ணம் இல்ல. ஷால் போத்திக்கிட்டு தண்ணியப் பாக்கறாங்க, துடைப்பத்தப் பாக்கறாங்க, பால்கனி நெலைக்கிட்ட டைல்ஸ் சந்துல தண்ணி சுழிச்சுக்கிட்டு உள்ள எறங்கறத பாக்கறாங்க. அவங்க கண்ணு போன எடத்துக்கு என் கண்ணும் போச்சு. தண்ணி காயல. இத்தனை மாசமா அது அந்தச் சந்து வழியா நேரா தாதா தலகாணிக்குப் போய்க்கிட்டிருந்துருக்கு.

"ஷுந்தொரோம் பாபு, நாங்க கழுவறதில்ல. தொடைப்போம்"னாங்க. அவ்வளவுதான். திரும்பி எறங்கிப் போயிட்டாங்க.

கட்டில் மேல காலத் தூக்கிக்கிட்டு உக்காந்திருந்த கோமதிய நான் பாக்கல, பாக்க தைரியம் இல்ல. கூரை ஒழுகினா மழையத் திட்டலாம், பில்டரைத் திட்டலாம். இங்க யாரைத் திட்டறது? மனசுக்குள்ள மதுரை பஸ் ஸ்டாண்டுல எறங்கி, அந்த மாடி வீட்டுக்கு வழி கேக்கவே ஆரம்பிச்சுட்டேன். கோமதி எறங்கி, பொடவைய ஒரு கையால தூக்கிப் புடிச்சுக்கிட்டு, என் தண்ணிய மிதிச்சுக்கிட்டே கீழ போனா.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரல. கீழேர்ந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வருது. ரெண்டு பொம்பளைங்களும் சிரிக்கறாங்க, நடுவுல 'பொல்யூஷன்'ங்கற வார்த்தை தெளிவாக் கேக்குது. நான் மிச்சத் தண்ணிய கோணிச்சாக்குல ஒத்தி ஒத்தி எடுத்து, முடிஞ்சு, ஒரு மூலைல உக்காந்திருந்தேன். கோமதி ஒருவழியா மேல வந்தா. நீ என்ன முடிவு பண்ணியிருக்கேன்னு மட்டும் சொல்லிடுன்னேன்.

"வீடு எங்க ஒழுகிச்சு? நீங்கல்ல ஒழுகியிருக்கீங்க"ன்னா. "விக்கறதுன்னா உங்களைத்தான் விக்கணும். எவன் வாங்குவான்? இருப்போம், விடுங்க. பௌதிக்கு ரசம் சொல்லித் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

சந்து அடைச்சாச்சு, தாதா ரூமுக்கு பெயின்ட்டும் அடிச்சுக் குடுத்தாச்சு. புதுசா வீடு வாங்கற நம்மாளுங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச பராமரிப்புக் குறிப்பு இது ஒண்ணுதான்: தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி அது எங்க போகும்னு கேளுங்க, முக்கியமா கீழ யார் தூங்கறாங்கன்னு கேளுங்க. இப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை நான் ஈரத்துணியோட குந்தி உக்காந்து, பின்னாடியே நகந்து நகந்து, பெங்காலி முறைப்படி தரையத் தொடைக்கறேன். முட்டி வலிக்குது. தொடைச்சு முடிச்சுட்டு பாத்ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்கிட்டு, ஆசை தீர பக்கெட் பக்கெட்டா ஊத்தி துடைப்பத்தால தள்ளறேன். என் மொத்த மதுரையும் இப்போ அந்த நாலடிக்குள்ளதான் ஓடுது. யாரையும் கேக்காம நான் அடிச்ச அந்த ஆணில ஈரத்துணியும் தென்னந்துடைப்பமும் ஒண்ணு மேல ஒண்ணா தொங்குது. ஒண்ணு எப்பவும் இன்னொண்ணை நனைச்சுக்கிட்டிருக்கு.

இந்த ஊர்க்காரங்களுக்கு மதுரையும் மெட்ராஸ்தான், திருநெல்வேலியும் மெட்ராஸ்தான். திருத்தறத நான் எப்பவோ விட்டாச்சு. போன வாரம் மாடிப்படில தாதாவைப் பாத்தேன். பெயின்ட் பிடிச்சிருக்கான்னு கேட்டேன், தூக்கமெல்லாம் எப்படின்னு கேட்டேன், இனிமே நாங்க இங்கயேதான்னு சொன்னேன். அவர் பையை இந்தக் கைலேர்ந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டு சொன்னார்:

"நீ தாராளமா இங்க இரு. தண்ணிய மெட்ராசுக்கு அனுப்பு, அங்கதான் இல்லையாமே."