நாலு மணி வேர்க்கடலை

1. என் ஒரே வாசகர்

நான் எழுதியதை ஒருவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல், இரண்டு தடவை படித்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நடந்தது. அவர் ஆடிட்டர். படித்து முடித்ததும் அவர் கைதட்டவில்லை. பேனாவைத் திறந்தார்.

நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தைய சீசன் அது. சித்தூர்-திருப்பதி ரோட்டில், புத்தலப்பட்டு தாண்டி ஒரு மாம்பழ பல்ப் ஃபாக்டரியில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். தோத்தாபுரி மாம்பழம் லாரி லாரியாக வரும். கழுவி, பழுத்ததைப் பிரித்து, வெட்டி, கூழாக்கி, ஸ்டீமில் சூடேற்றி, டிரம்மில் அடைத்துக் கப்பலேற்றுவோம். வாங்குகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் சார்பில் சீசனுக்கு ஒரு முறை ஆடிட்டர் வருவார். அந்த வாரம் ஃபாக்டரியில் ஈ பறந்தால்கூட அதற்கு ஐடி கார்டு இருக்கிறதா என்று பார்ப்போம்.

அவர் கழுவும் தொட்டியைப் பார்த்தார், லேபில் கூழின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் ரீடிங் பார்த்தார், பெண்களின் நகத்தைப் பார்த்தார். எல்லாம் ஓகே. கிளம்பும் நேரத்தில் கான்டீன் சுவரில் இருந்த போர்டுக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

"வாட் இஸ் திஸ் கிரவுண்ட்நட்?" என்று கேட்டார்.

என் ஜோக் புரிந்துவிட்டது என்று நினைத்து நான் சிரித்தேன். அந்த இடத்தில் சிரித்தவன் நான் ஒருவன்தான்.

2. போர்டு வந்த கதை

அந்த போர்டு எச்.ஆர். ஸ்ரவணியின் யோசனை. திருப்பதிப் பெண். புதிதாகச் சேர்ந்தவர். நல்ல மனசு. நல்ல மனசோடு ஒருவர் ஃபாக்டரிக்குள் வந்தால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"சார், ஒவ்வொருத்தருக்கும் டெய்லி சந்தோஷம் குடுக்குற சின்ன விஷயம் ஒண்ணு. மேல போட்டோ, கீழ ரெண்டு லைன். அந்தே, அவ்வளவுதான்! உங்ககிட்டதான் எல்லாரும் ஃப்ரீயா பேசுறாங்க. நீங்கதான் பாக எழுதுவீங்க" என்றார்.

நான் நன்றாக எழுதுவேன் என்று அதற்கு முன் சொன்னவர் யாருமில்லை. என் லீவ் லெட்டரில் இருக்கும் கற்பனையைப் பற்றி மேனேஜர் சொன்னதைக் கணக்கில் சேர்க்க முடியாது. நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சார்ட்டிங் டேபிளில் ராணி. பழம் பிரிப்பதில் அவர்தான் சீனியர். "காலையில மொத கூடைய கொட்டனதும் ஒரு வாசன வரும் பாரு சார், நெஞ்சு வரைக்கும் போவும். அப்பால நாள் பூரா மூக்கு செத்துப்பூடும், ஒண்ணும் தெரியாது. அந்த மொத மூச்சுக்காவத்தான் வந்துக்கினு கீறேன்" என்றார். நான் என் இங்கிலீஷில், 'ராணி ஈட்ஸ் மேங்கோ பை நோஸ்' என்று எழுதினேன். எனக்கே பிடித்துப் போனது.

அடுத்தது பாய்லர் ஹவுஸ். முனிரத்தினம் அங்கே அட்டெண்டர், கான்ட்ராக்ட் ஆள். விறகுத் தூசிக்காக எப்போதும் வாயைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பான். ஸ்டீம் லைனிலிருந்து திரும்பும் கொதிதண்ணீர் ஒரு டாங்கில் விழும். பக்கத்தில் நின்றாலே முகம் வேகும். அந்த டாங்கின் மேல் ஒரு மூடி போட்ட தூக்குவாளி வைத்திருப்பான். உள்ளே உப்புத் தண்ணீரும் பச்சை வேர்க்கடலையும். இரண்டு மணிக்கு வைத்தால் நாலு மணி டீ பிரேக்குக்குச் சரியாக வெந்திருக்கும். அவன் மச்சான் கொல்லையில் விளைந்த கடலை. காசு கிடையாது. மூடியைத் திறந்ததும் வருகிற அந்த மண்வாசனை கலந்த ஆவிக்கு லைன் ஆட்கள் மொத்தமும் ஓடி வருவார்கள். ஆளுக்கு ஒரு பிடி. நான் ரவுண்ட்ஸ் முடித்து லேட்டாக வருவேன் என்று எனக்கு மட்டும் ஒரு பிடியைத் தனியாக, மூடியில் எடுத்து வைத்திருப்பான். எட்டு சீசன், ஒரு நாள் தவறியதில்லை.

"முனி, உனக்கு டெய்லி சந்தோஷம் குடுக்குறது இன்னாடா?"

துண்டை இறக்கினான். "நாலு மணிக்கு மூடிய தொறக்கறப்ப எல்லாரும் ஓடியாருவாங்கல்ல சார். அது."

"அதெல்லாம் போர்டுல எடுபடாதுடா. நச்சுனு ஒண்ணு சொல்லு."

"நீயே எதுனா எழுதிக்கோ சார்."

எழுதிக்கொண்டேன். 'நோ கிரவுண்ட்நட், நோ பாய்லர். ஃபோர் ஓ க்ளாக் கிரவுண்ட்நட் ஈஸ் மை லைஃப்.' போட்டோவில் அவன் கையில் தூக்கையும் கொடுத்து நிற்க வைத்தேன்.

என் போட்டோவுக்குக் கீழே 'ஒர்க் ஈஸ் மை ஹாப்பினெஸ்' என்று எழுதினேன். அதைத் தட்டெழுதும்போது ஸ்ரவணி நெகிழ்ந்து போனார். உண்மையில் அந்த ஃபாக்டரியில் எனக்குச் சந்தோஷம் கொடுத்தது மூடியில் இருந்த அந்த ஒரு பிடிதான். அதை ஏன் எழுதவில்லை? சூப்பர்வைசர் அல்லவா. ஊரார் சந்தோஷத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு என்னுடையதைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

3. ரூட் காஸ்

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேர்க்கடலை சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. துளி பட்டால்கூட உயிருக்கு ஆபத்து. ஃபாக்டரிக் காம்பவுண்டுக்குள்ளேயே அது வரக் கூடாது என்று டிரெய்னிங் நடத்திக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். நானும் போட்டிருந்தேன். அந்த டிரெய்னிங் முடிந்தது நாலு மணிக்கு. நேராக பாய்லர் ஹவுஸுக்குத்தான் போனேன். ஆகவே ஆடிட்டர் மேல் தப்பில்லை. நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்.

அவர் மேஜர் என்.சி., அதாவது பெரிய விதிமீறல் என்று எழுதிவிட்டுப் போனார். மூன்று நாளில் காரணமும் நடவடிக்கையும் எழுதி அனுப்பாவிட்டால் ஆர்டர் நிற்கும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "போர்டு எழுதனது நீதானே? ரிப்போர்ட்டையும் நீயே எழுதிடு. ஒனக்குத்தான் எழுத்து நல்லா வருதே."

"சார், எல்லாருமே துன்னோம்" என்றேன். இவ்வளவுதான் என் வீரம்.

"எல்லாரும்னு எழுதுனா எல்லாரையும் அனுப்பணும். மொதல்ல ஒன்ன. பென்ஷன் பேப்பர் எங்க கீது, மேல தானே? ஒருத்தன் போதும்யா. கான்ட்ராக்ட் ஆளு ஒருத்தன்."

எழுதினேன். ரூட் காஸ், அதாவது மூல காரணம் என்ற கட்டத்தில், 'பாய்லர் அட்டெண்டர் தன் சொந்த உபயோகத்துக்காக வேர்க்கடலையைக் கொண்டு வந்து வேக வைத்துச் சாப்பிட்டார்' என்று இங்கிலீஷில் எழுதினேன். ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சுத்தமான இங்கிலீஷ் அதுதான்.

முனிரத்தினத்தின் கையெழுத்து வேண்டியிருந்தது. பேப்பரைப் புரட்டிப் பார்த்தான். "இன்னா சார் எழுதிக்கீது?"

"ஒண்ணுமில்லடா, ஃபார்மாலிட்டி."

"போர்டு மாதிரியா?"

"ஆமா."

போட்டோ எடுக்க வருகிறார்களா என்று கேட்டான். நான் பேனாவை நீட்டினேன்.

மறுநாள் கேட்டில் அவன் பாஸை வாங்கிக்கொண்டார்கள். பெண்ணை சித்தூரில் நர்சிங் சேர்த்து ஒரு மாசம்கூட ஆகவில்லை என்று கேட் வாட்ச்மேனிடம் திரும்பத் திரும்பச் சொன்னானாம். என்னைத் தேடினானாம். நான் லேபில், கதவைச் சாத்திக்கொண்டு பிரிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் வேலையே இல்லை.

நடவடிக்கை அதோடு நிற்கவில்லை. சார்ட்டிங் டேபிளில் மூக்கை மூடும் மாஸ்க் கட்டாயம் என்றார்கள். போர்டைப் படித்த பிறகு ராணியின் மூக்கும் யாருக்கோ உறுத்தியிருக்கிறது. ராணி என்னைத் திட்டவில்லை. நான் அந்தப் பக்கம் வரும்போது மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துக்கொள்வார், அவ்வளவுதான். சுவரில் எல்லாக் கார்டுகளையும் எடுத்துவிட்டு என்னுடையதை மட்டும் விட்டு வைத்தார்கள். அதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. என் ரிட்டையர்மென்ட் அன்று அதையே ஃபிரேம் போட்டு, சால்வையோடு கொடுத்தார்கள். 'ஒர்க் ஈஸ் மை ஹாப்பினெஸ்'. வீட்டில் இருக்கிறது. அதன் பின்னால் பல்லி குடியிருக்கிறது. அதற்காவது பயன்படட்டும்.

4. பலமனேர் மண்டி

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காகப் பலமனேர் போனேன். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் தக்காளி மண்டிப் பக்கம் நடந்தேன். வாசலில் வேக வைத்த கடலை விற்றார்கள். ஒரு பெரிய பொட்டலம் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே தக்காளி கிரேட் இறக்கிக்கொண்டிருந்தது முனிரத்தினம்.

"சார்! இன்னா சார் இப்படி எளச்சிப்பூட்ட?" என்றான். தோளில் இருந்த கிரேட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தான். பெண் படிக்கிறாளா என்று கேட்டேன். "நிறுத்திட்டேன் சார். துணிக்கடையில நிக்குறா" என்றான்.

என்ன சொல்வது என்று தெரியாதபோது நான் ஜோக் அடிப்பேன். அன்று அதுவும் வரவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். "துன்னுடா. ஒனக்கு உயிராச்சே."

அவன் சிரித்தான். விரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தை இழுத்துக் காட்டினான். இரண்டு பக்கமும் கடைவாய்ப்பல் ஒன்றுகூட இல்லை.

"இத வச்சிக்கினு கடல எங்க சார் துன்றது? பாய்லருக்கு வர்றதுக்கு முன்னாடியே பூட்ச்சி. நான் ஒரு நாளும் துன்னதில்லயே. நீங்கள்லாம் துன்னதுதான்."

சொந்த உபயோகத்துக்காக என்று எழுதியிருந்தேன். எட்டு சீசன் அவன் கையால் வாங்கித் தின்றவன், அவன் வாய் அசைகிறதா என்று ஒரு நாள் பார்க்கவில்லை. கேட்டபோது சரியாகத்தான் சொன்னான், எல்லாரும் ஓடி வருவது பிடிக்கும் என்று. அதை அப்படியே எழுதியிருந்தால் எந்த ஆடிட்டருக்கும் அதில் கடலை தெரிந்திருக்காது.

இப்போது சூப்பர்வைசராக இருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் ஆள் தனக்கு எது சந்தோஷம் என்று சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். தப்பு என்று எழுத வேண்டி வந்தால், உங்கள் பெயரிலிருந்து தொடங்குங்கள். அது எனக்கு ஒரு நாள் வேலை. நான் செய்யவில்லை.

முனிரத்தினம் என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பினான். "டேய், வாங்கடா!" என்று ஒரு குரல் விட்டான். லாரி மேல் இருந்தவர்கள், எடைமேடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஆளுக்கு ஒரு பிடி போட்டான். அவன் முகத்தில் அந்த நாலு மணிச் சிரிப்பு இருந்தது.

நான் என் இடத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தேன். பழக்கம்.

அவன் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, அடுத்த கிரேட்டைத் தூக்கப் போனான்.